அறுபதாவது சுற்று

அவரை நான் முதலில் அறிந்தது ஒரு மறுப்பின் வழியாகத்தான். நெருப்பு மந்திரத்தை இரண்டாம் படியிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று எழுதிக் கேட்டிருந்தேன். மறுநாள் ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பதில் வந்திருந்தது. கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் எதிராளியின் கையில் பத்து ஈட்டிக்காரர்களுக்கு மேல் இருக்க மாட்டார்கள். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து பத்து ஆட்டம் ஆடிவிட்டு வந்து மறுபடி கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பத்து ஆட்டம் ஆடினேன். பத்திலும் தோற்றேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மன்னர்களும் படைகளும் கோட்டைகளும் கொண்ட பழைய கணினி விளையாட்டு அது. சதுரங்கம் மாதிரி ஆளுக்கு ஒரு முறை நகர்த்த வேண்டும். இருவரும் நகர்த்தி முடித்தால் ஒரு சுற்று. அதை விற்ற கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. விட மனமில்லாத எங்களைப் போன்ற சிலர், உலகத்தின் பல மூலைகளில் இருந்துகொண்டு, அதில் புதிய நாடுகளையும் புதிய மந்திரங்களையும் சேர்த்துக்கொண்டே இருந்தோம். இப்படித் திருத்திய பதிப்பை மோட் என்பார்கள். எங்கள் மோடில் மந்திரங்கள் அவருடைய பொறுப்பு. எந்த மந்திரம் எத்தனையாவது சுற்றில் கைக்கு வர வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

அது லேசான வேலையில்லை. மந்திரவாதியை எடுத்து ஆடுகிறவன் முதலில் வெறும் கையோடு நிற்பான். குதிரைப்படை வைத்திருப்பவன் வந்து அடித்துக்கொண்டே இருப்பான். அறுபதாவது சுற்றில் மந்திரவாதிக்குக் கடைசிப் படியான ஐந்தாம் படி திறக்கும். அதுவரை உயிரோடு இருந்துவிட்டால் பிறகு அவனை யாராலும் நிறுத்த முடியாது. அந்த அறுபதை ஐம்பது ஆக்கினால் மந்திரவாதியே எப்போதும் ஜெயிப்பான். எழுபது ஆக்கினால் எப்போதும் தோற்பான். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தோற்கிற பக்கத்தில் உட்கார்ந்து ஆடித்தான் பார்ப்பார். ஜெயிக்கிறவனுக்கு எந்தக் குறையும் தெரியாது என்பார்.

அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். அவருடையதை இங்கே எழுதப்போவதில்லை, சொந்தப் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர் எங்கே இருக்கிறார், ஆணா பெண்ணா என்றுகூட நான்கு மாதம் எனக்குத் தெரியாது. ஒருநாள் புதிய காற்று மந்திரம் ஒன்றுக்கு நான் சூறை என்று பெயர் வைத்தேன். உடனே தனியாக ஒரு செய்தி வந்தது. வீட்டில் தமிழா? ஆமாம், கோயம்புத்தூர், இப்போது புனேயில் பாணேர் என்று எழுதினேன். பதிலுக்கு, நான் தேஹு ரோடு என்று வந்தது.

இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. வேறு ஏதோ கண்டத்து ஆளோடு சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிக்டி பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் சந்தித்தோம். நாற்பதைத் தாண்டிய, குள்ளமான பெண். பருத்தி சல்வார், வலது கையில் கடிகாரம். விடுமுறை நாளிலும் கழுத்தில் ராணுவ டிப்போவின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் பெரிய துணிப்பை, அதில் மருந்துக்கடை உறைகள். உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நீ ரெண்டாவது படியில நெருப்பு கேட்ட ஆளு இல்ல?"

"ஆமாங்க்கா. ஆடிப் பாத்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி."

"எத்தினி ஆட்டம்?"

"பத்துங்க்கா."

"பத்தும் ஆடினியா? நான் சும்மா சொன்னேன். யாரும் ஆட மாட்டாங்க." ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி போல ஆனேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அவருக்குச் சொந்தத் தம்பி ஒருவன் இருந்தான்.

அவருடைய தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து டிப்போ வேலைக்கு வந்தவர். மூன்றாவது தலைமுறையிலும் அந்தப் பக்கத்துப் பேச்சு வீட்டில் அப்படியே இருந்தது, நடுநடுவே இந்தியும் மராத்தியும் கலந்து. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. புதிய மந்திரங்களுக்கு என்னிடம்தான் பெயர் கேட்பார். நான் நாலைந்து பெயர்கள் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அத இன்னொரு வாட்டி சொல்லு. ம்ம், இது வாய்ல நல்லா வருது, இதையே வை." நான் 'ஏனுங்க்கா' என்றால் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்துவிடும். "இன்னாபா நீ, சண்ட போடறப்பகூட மருவாதியா பேசற."

எதுவும் அதனதன் நேரத்துக்கு முன்னால் யாருக்கும் கிடைக்கக் கூடாது. இதுதான் அவர். விளையாட்டில் மட்டுமில்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். மழை கொட்டிய ஒரு ஞாயிறு அவரை ஏற்றிவிட ஷேர் ஆட்டோ நிற்குமிடம் வரைக்கும் போனேன். டிரைவர் அவரைப் பார்த்ததும் "ஆயியே மேடம்" என்று இடம் காட்டினான். அவர் ஏறவில்லை. எங்களுக்கு முன்னால் அரிசி மூட்டையோடு ஒரு கிழவர் நின்றிருந்தார். "பெஹ்லே யே ஆயே", இவர்தான் முதலில் வந்தவர் என்று அவரைக் காட்டினார். கிழவரும் மூட்டையும் ஏறியதும் ஆட்டோ நிறைந்துவிட்டது. அடுத்ததற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஒரு குடைக்குள் இரண்டு பேரும் பாதி பாதி நனைந்தோம்.

"டிரைவரே உங்களைத்தான ஏறச் சொன்னாரு," என்றேன்.

"அவர் சொல்லுவாரு. டர்ன் அந்தப் பெரியவரோடது, நான் எப்படி எடுக்கிறது?"

டிப்போவிலும் இப்படித்தான் பெயர் வாங்கியிருந்தார். ஸ்டோரில் பொருள் கேட்டு வரும் சீட்டுகளை வந்த வரிசைப்படிதான் பார்ப்பாராம். மேலதிகாரியின் சீட்டு என்றாலும் கடைசியில் வந்தால் கடைசிதான். அதனால் அவருக்கு அங்கே நண்பர்கள் அதிகம் இல்லை. அந்த வேலை வந்த விதத்தை ஒரே ஒரு முறை சொன்னார். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துவிட, வாரிசு என்று கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். அப்போது அவர் கல்லூரியில் இரண்டாம் வருஷம் கணிதம் படித்துக்கொண்டிருந்தார்.

"என் டர்ன் வராம எனக்குக் கெடச்சது அது ஒண்ணுதான். வேணாம்னு சொல்ல முடியல. வூட்ல ஆள் இருந்தாங்க." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குப் பேச எண்பத்து நான்கு மந்திரங்கள் இருந்தன.

தம்பியைப் பற்றியும் அதிகம் சொன்னதில்லை. "வூட்ல ஒருத்தன் கீறான், அவன்தான் மந்திரவாதி பக்கம் ஆடிப் பாக்கிறான்" என்பார். எங்கள் குழுவில் அவனும் ஒரு புனைபெயரில் இருந்தான். ஆடி முடித்ததும் நீளமான, நிதானமான அறிக்கை எழுதுவான். எந்தச் சுற்றில் என்ன தவறினான், எங்கே மந்திரம் கொஞ்சம் மலிவாகப்பட்டது என்று ஒன்று விடாமல் இருக்கும். அதைவிட நல்ல அறிக்கையை நான் பார்த்ததில்லை. ஒரே குறை, மற்றவர்கள் ஒரு மாலையில் முடிக்கிற ஆட்டத்துக்கு அவன் ஒரு வாரம் எடுத்துக்கொள்வான். போகப் போக இரண்டு வாரம்.

"உங்க தம்பி என்னங்க்கா, ஒரு சுத்து நகத்தறதுக்குள்ள நாங்க ஒரு ஆட்டமே முடிச்சுடறோம்," என்று ஒரு தடவை கிண்டல் செய்தேன்.

"அவனுக்கு அவசரம் கெடையாது," என்றார். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். முகம் மாறவே இல்லை.

ஒரு நாளை மட்டும் நான் மறக்க முடியாது. கோயம்புத்தூரில் என் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை. மறுநாள் என்று சொல்லியிருந்ததால் அன்று மாலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். காலையிலேயே நிலைமை மோசமாகி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அறையில் தனியாக இருக்க முடியாமல் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரத்தில் பாணேரில் என் வாசலில் நின்றார். அன்று வேலை நாள். லிஃப்ட் ஓடவில்லை, ஆறு மாடி ஏறி வந்திருந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம், எண்பத்து நான்கு மந்திரங்களும் அச்சடித்தது.

"ஆபீஸ் இல்லீங்களாக்கா?"

"லீவ் போட்டேன். கம்மியாத்தான் கீது, பரவால்ல. உக்காரு. முதல் படிலேர்ந்து ஒண்ணொண்ணா அளவு சரியான்னு பாக்கலாம். நீ படி, நான் டிக் போடறேன்."

நாலரை மணி நேரம் படித்தேன். என் கண் போன் பக்கம் போகும்போதெல்லாம், "அது அடிக்கும்போது கேக்கும். நீ முப்பத்தி ரெண்டாவது மந்திரத்தப் படி" என்பார். சில எண்களை வேண்டுமென்றே தப்பாக அச்சடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கவனிக்கிறேனா என்று பார்த்திருக்கிறார். மூன்று மணிக்கு ஊரிலிருந்து என் அக்கா கூப்பிட்டு அப்பா பிழைத்துவிட்டார் என்று சொன்னாள். நான் அழுதேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "நான் கெளம்பறேன். அவன் காத்துக்கினு இருப்பான்," என்றார்.

யார் காத்திருப்பது, லீவு ஏன் குறைவாக இருந்தது என்று நான் அன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் புதிய பதிப்புக்கான வேலை தொடங்கியது. எல்லோர் மாற்றங்களையும் கடைசியாகப் பார்த்து ஒப்புதல் தருகிற பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. அவர் ஐந்தாம் படியை முழுவதும் புதிதாக எழுதினார். அதில் உச்சமானது அவருடைய தம்பி யோசித்த மந்திரம். வரைபடம் முழுக்க மழை பெய்யும், ஆறுகள் கரைபுரளும், பத்துச் சுற்றுக்கு எந்தக் குதிரையும் ஆற்றைக் கடக்க முடியாது. யாரும் சாகாமல் போரே நின்றுபோகும் ஒரு மந்திரம். அடைமழை என்று நான் பெயர் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு, "அவனுக்கும் சொல்றேன்" என்றார்.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. ஒரே ஒரு எண். ஐந்தாம் படி திறக்கும் சுற்று அறுபதிலிருந்து முப்பத்தைந்து ஆகியிருந்தது. காரணம் என்ற இடத்தில் 'தேவை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

எண் தவறி விழுந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். தவறவில்லை என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

என்னை நானே காப்பாற்றிக்கொள்ள விரும்பவில்லை. எனக்கு வந்தது நியாயமான சந்தேகம் மட்டுமில்லை. கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. இரண்டு வருஷமாக எங்கள் எல்லோருடைய யோசனைகளையும் நறுக்கித் தள்ளியவர் முதல் தடவையாகச் சறுக்கியிருக்கிறார். அவரைப் போனில் கூப்பிட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்தால் நேரிலேயே கேட்டிருக்கலாம். நான் அவருடைய பழைய பதில்களைத் தேடி எடுத்து, அவர் மற்றவர்களை மறுத்த வாக்கியங்களில் கூர்மையானவற்றைப் பொறுக்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டேன். எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள் என்பதும் அதில் இருந்தது. கீழே என் பங்குக்கு ஒரு வரி: இவற்றையெல்லாம் எழுதியவர் எங்கே போனார்?

எல்லோரும் ரசித்தார்கள். அரை மணி நேரத்தில் சிரிப்புக் குறிகள் குவிந்தன.

அவர் எழுதினார்: நீங்கள் சொல்வது சரி. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை தம்பியும் எழுதினான். மந்திரவாதி பக்கம் ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அறுபதுதான் சரி. முப்பத்தைந்தில் கிடைத்தால் அதில் என்ன இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே என் பக்கம் ஆள் இருக்கிறது என்று நினைத்து அதற்கு ஒரு நன்றி எழுதினேன்.

அந்த ஞாயிறு அவர் நிக்டிக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால், "வேல ஜாஸ்திபா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். கோபம் என்று நினைத்தேன். இவ்வளவு நேர்மை பேசுகிறவருக்கு ஒரு தோல்வியைத் தாங்க முடியவில்லையே என்றும் நினைத்தேன். புதிய பதிப்பு அறுபதோடு வெளிவந்தது. நன்றாக இருப்பதாக எல்லோரும் எழுதினார்கள். தம்பியிடமிருந்து மட்டும் அறிக்கை வரவில்லை.

மழைக்காலம் முடிந்து நன்றாக வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு பத்தரை மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு தேஹு ரோடு போனேன். குவார்ட்டர்ஸ் எண் தெரியாது. அடையாளம் சொல்லி விசாரித்ததும் ஒரு மராத்தியப் பெண்மணி கூடவே வந்து வாசலைக் காட்டினார். காக்கூ, அதாவது சித்தி என்று எல்லோரும் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர், பகலில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று பிறகு தெரிந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்னால் என்னிடம் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "மூன்று வாரம் ஆகிறது. அவள் இன்னும் அழவில்லை. நீங்கள் தமிழில் பேசுங்கள், ஒருவேளை அழுவாள்."

இரண்டு அறை. சுவரோரமாக மடக்கிவைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். அதன்மேல் சக்கர நாற்காலியின் மெத்தை. சுவரில் ஓர் இளைஞனின் படம், இன்னும் சட்டம் போடாமல் நான்கு மூலையிலும் ஊசி குத்தியிருந்தது. அவரைப் போலவே அகலமான நெற்றி. கணினி மேஜையின் கால்களை அறுத்துத் தாழ்த்தியிருந்தார்கள்.

"வா," என்றார். "உக்காரு. நானே ஃபோன் பண்ணணும்னு இருந்தேன்."

பிறகு அவராகவே சொன்னார். தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துபோகும் நோய். எட்டு வயதில் நடை நின்றது. பிறகு கைகள். இருபத்தொன்பது வயதில் வலது கையில் இரண்டு விரல் மட்டும் மிச்சம் இருந்தது.

"இந்த கேம்ல யாரும் அவன அவசரப்படுத்த மாட்டாங்க இல்ல? அவன் நகத்தற வரிக்கும் எதிராளி நின்னுதான ஆவணும். அதான் புடிச்சிது. மந்திரவாதின்னா கோட்டைய வுட்டு எங்கியும் போவ வேணாம், அக்கான்னுவான்."

கோடையில் மூச்சுக்கும் சிரமம் வந்துவிட்டது. சில மாதம்தான் என்று டாக்டர் அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் உட்கார முடியும். நல்ல நாளில் இரண்டு சுற்று நகர்த்துவான். சில நாள் ஒன்றுமில்லை. அடைமழை அவன் யோசித்தது. அதை ஒரு நிஜமான ஆட்டத்தில் ஒரு தடவை பெய்ய வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

"சோதனைல ஓட்டிக் காட்டறேண்டான்னேன். ஒத்துக்கல. சும்மா காட்டறது ஆட்டம் இல்லையாம். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். அறுவது வரிக்கும் தாங்க மாட்டான்."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "இங்க உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் மாத்தி வெச்சிருக்கலாமேங்க்கா?"

"கோட்டை மேல இன்னும் இத்தினி சுத்து கீதுன்னு நம்பர் எழுதியிருக்கும் இல்ல? பாத்த உடனே கேப்பான், எனக்கோசரம் மாத்தினியான்னு. என்னென்ன மாத்தினோம்னு போடற லிஸ்ட்ட ஒரு வரி வுடாம படிக்கிறவன். எல்லாருக்கும் முப்பத்தஞ்சுன்னா அவனுக்கும் முப்பத்தஞ்சு. அப்ப அது ரூல். அவனுக்கு மட்டும்னா, தர்மம் போட்ட மாதிரி ஆய்டும்."

"எங்கிட்டச் சொல்லீருக்கலாமேங்க்கா."

"சொன்னா நீ பாவம்னு வுட்ருப்ப. அதுவும் அதேதான." கட்டில்மேல் இருந்த மெத்தையை நேராக்கி வைத்தார். "நீ பாக்க மாட்டன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா நான் போட்டத நீ திருப்பிப் பாத்ததே இல்ல."

காக்கூ வாசல் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தம்பி எழுதிய அந்த வரிகளைப் பற்றிக் கேட்டேன். அறுபதுதான் சரி என்று எழுதினானே, அப்போது அவனுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா?

"அதான் எனக்குத் தெரியல. நீ எழுதினத அவனே வாய்வுட்டுப் படிச்சான். அவர் சொல்றது கரெக்ட்டுக்கா, நீ ஏன் இப்படிப் பண்ணினன்னான். என் மூஞ்சியப் பாத்தான். அப்பறம் டைப் பண்ணிக் குடுன்னு கேட்டான். அவன் சொல்லச் சொல்ல நாந்தான் டைப் பண்ணேன்." அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். "புரிஞ்சிதா, புரியலியான்னு கடைசி வரிக்கும் நான் கேக்கல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"நீ பண்ணது தப்பில்லபா. எழுதினது எல்லாம் நான் சொன்னதுதான."

"இப்பவே முப்பத்தஞ்சு ஆக்கீடறேங்க்கா. இன்னிக்கே. அவரு பேருல."

"எதுக்கு? இப்ப யாருக்கு வேணும் அது? மத்தவங்களுக்கு அறுவதுதான் கரெக்டு. கைய வெக்காத." ஸ்டோரில் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறவரின் குரல்தான் அது.

பிறகு கணினியைப் போட்டார். தம்பியின் கடைசி ஆட்டம் அதில் இருந்தது. நாற்பத்தொன்றாவது சுற்றோடு நின்றிருந்தது. மூன்று கோட்டையில் இரண்டு போய்விட்டது. மிச்சம் ஒன்றைச் சுற்றிக் குதிரைப்படை. அந்த ஆட்டம் எப்படியும் அறுபது வரை போயிருக்காது. எதிரில் ஆடியவன் எங்கள் குழுவின் ஸ்பெயின்காரன். ஏன் பதில் நகர்த்தல் வரவில்லை என்று கேட்டு மூன்று முறை எழுதியிருந்தான்.

ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அவர் முப்பத்தைந்தாவதைத் திறந்தார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"நீ பாத்து சொல்லு. இங்க அவனுக்கு மழை வந்திருந்தா ஜெயிச்சிருப்பானா?"

பார்த்தேன். மூன்று கோட்டையும் அவன் கையில் இருந்தன. எதிரியின் குதிரைப்படை முழுவதும் ஆற்றுக்கு வடக்கே, துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே சுற்றில் இறங்கிவிடும். அந்த இடத்தில் அடைமழை பெய்திருந்தால் பத்துச் சுற்றுக்கு ஒரு குதிரையும் இந்தப் பக்கம் வந்திருக்காது. அதற்குள் அவனுடைய மற்ற மந்திரங்களும் முற்றியிருக்கும். ஒரு முறை இல்லை, இரண்டு மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அவன் ஜெயித்திருப்பான். ஆட்டம் தெரிந்த யாரும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

"இல்லீங்க்கா," என்றேன். "கெழக்கால ஒரு படை நிக்கிதுங்க. மழை பேஞ்சிருந்தாலும் அது வந்திருக்கும். தோத்துத்தான் இருப்பாரு."

கிழக்கே நின்றது ஆறு காலாட்கள். ஒரு சுவரைக்கூட இடிக்க முடியாத ஆட்கள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் வடக்குத் துறை வரை போய், அங்கே நின்ற குதிரைகளின் மேல் மெல்ல நகர்ந்தது. பிறகு கிழக்கே வந்து அந்த ஆறு பேரின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "நானும் அப்படித்தான் பாத்தேன்."

கணினியை அணைத்துவிட்டு டீ போட உள்ளே போனார். வெகுநேரம் ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்கவில்லை. காக்கூ மட்டும் என்னைத் தாண்டி வேகமாக உள்ளே போனார்.

இரண்டு மாதம் கழித்து ஜபல்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கு முன்னால் ஒரு தடவை நிக்டியில் சந்தித்தோம், டிப்போவைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். இப்போது நான் எழுதினால் ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் வரும். பழகிய அந்த இரண்டு வருஷத்தில் என்னுடைய எந்தத் தவறான கணக்கையும் அவர் திருத்தாமல் விட்டதில்லை. அது ஒன்றைத்தான் விட்டார்.